பிள்ளைகளுக்கு வீட்டில் தையல் பழக்குவது: முதலில் மெசினா, கையூசியா?

10.02.2024, மல்லாவியிலிருந்து ஒரு தாயின் கேள்வி

அக்கா, எனது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு வயது. மாமி விட்டுச்சென்ற கால்மெசின் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் இருந்து தைக்க வேண்டும் என்று மகள் நாள்தோறும் அடம்பிடிக்கிறாள்; அவள் எதைச் செய்தாலும் தானும் செய்ய வேண்டும் என்று மகன் நிற்கிறான். எனக்கு ஓரளவு தைக்கத் தெரியும், ஆனால் பழக்கத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் ஊசியைப் பறித்து நானே தைத்து முடித்துவிடுகிறேன். எந்த வயதில் மெசினில் இருத்தலாம்? எதைக் கொடுத்துத் தொடங்கலாம்?

10.02.2024, இரவு

மெசினின் மூடியைப் பூட்டித் திறப்பை ஒரு வருடத்துக்கு எடுத்து வையுங்கள், தங்கச்சி. மகளின் கால் மிதிபலகையை எட்டுகிறதா என்பதைப் பிறகு பார்ப்போம். துணி தன் விரலுக்கு அடங்கும் என்பதை அவளுடைய கை முதலில் அறிய வேண்டும். மெசினில் தொடங்கிய பிள்ளைக்குப் பின்னர் கையூசியைக் கொடுத்தால், வேலை நகரவில்லை என்று எறிந்துவிடும். கையூசியில் தொடங்கிய பிள்ளையை மெசினில் இருத்தினால், துணி எந்தப் பக்கம் இழுபடும், எங்கே சுருங்கும் என்பது அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். என் முற்றத்தில் பழகிய பிள்ளைகளில் இரண்டு வகையினரையும் கண்டிருக்கிறேன். நான் இரண்டாவது வகையின் பக்கம்.

துணிக்காகக் கடைக்குப் போகத் தேவையில்லை. வீட்டில் பழைய சாரம் ஒன்று கட்டாயம் இருக்கும். கட்டம் போட்ட பருத்திச் சாரமாக எடுங்கள். பலமுறை தோய்த்துத் தோய்த்து அது மென்மையாகியிருப்பதால் ஊசி தடையின்றி இறங்கும். அதைவிடப் பெரிய நன்மை, கட்டத்தின் கோடுகள். அவை நெசவிலேயே விழுந்தவை என்பதால் நீளப்போக்கில் ஓடும் பாவு நூலுக்கும் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கும் நேராக ஓடும். அந்தக் கோட்டின் மேல் ஊசியை இறக்கி ஏற்றிக்கொண்டு போனால் போதும். அடிமட்டம் வைத்துக் கோடு கீற வேண்டியதில்லை, தையல் வளைந்தால் நீங்கள் சொல்லுமுன் பிள்ளையே கண்டுவிடும். பழைய நைலெக்ஸ் சேலையை மட்டும் கொடுக்க வேண்டாம். அது வழுக்கும், வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே போகும், பழகிய கைக்கே பொறுமை கெடும்.

நூலின் நீளம் ஒரு முழத்துக்கு மேல் போகக்கூடாது. நான் சொல்வது பிள்ளையின் முழம், உங்களுடையது அல்ல. அடிக்கடி ஊசி கோர்க்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக எல்லாப் பிள்ளைகளும் நூலை நீளமாகவே இழுப்பார்கள். அது சிக்கி முடிச்சு விழுந்ததும் அழுகை தொடங்கும். நூலை மெழுகுதிரியில் ஒரு தடவை உரசி இழுத்தால் சிக்குவது வெகுவாகக் குறையும்.

மகனுக்குக் கூரான ஊசி இப்போது வேண்டாம். சணல் சாக்குத் துண்டும் முனை மழுங்கிய பெரிய காதுள்ள ஊசியும் கொடுங்கள். சணலில் இழைகளுக்கு நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரிவதால் குத்த வேண்டியதில்லை, நுழைத்தாலே போதும். உரப்பையை எடுத்துவிடாதீர்கள், அதன் பிளாஸ்ரிக் இழை நெருக்கமானது, வெட்டினால் கீற்றுக் கீற்றாகக் கழன்றுவிடும்.

எதைத் தைப்பது என்பதில் எனக்கு ஒரே கருத்துத்தான். கிழிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கழன்ற தெறி, அறுந்த பைவார், பிரிந்த தலையணை உறை என்று எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைக்குத் தேவையான ஒரு பொருள் அதன் கையாலேயே மறுபடியும் பாவனைக்கு வந்தால், அடுத்த நாள் ஊசியைத் தானாகக் கேட்டு வரும். பொம்மைச் சட்டையில் தொடங்கிய பிள்ளைகள் பொம்மையோடு தையலையும் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஊசியைப் பறிக்கும் பழக்கத்துக்கு மருந்து, பிள்ளை தைக்கும்போது உங்கள் கையிலும் வேறொரு தையல் இருப்பதுதான்.

11.02.2024

முடிச்சைப் பற்றி எழுதாமல் விட்டேன். சிறு பிள்ளைகளுக்கு ஊசி கோர்ப்பதை விட முடிச்சுப் போடுவதே கடினம். இதற்கு ஒரு வழி உண்டு. நூலை இரண்டாக மடித்து, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஊசிக் காதில் நுழைத்தால் மறு அந்தத்தில் ஒரு வளையம் நிற்கும். முதல் தையலை எடுத்து, நூல் முழுவதும் வெளியே வருவதற்கு முன் ஊசியை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் நூல் துணியில் பிடித்துக்கொள்ளும், முடிச்சே தேவையில்லை. முழம் என்று நான் சொன்ன கணக்கு இந்த முறையில் இரட்டிப்பாகும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கோர்க்கும்போது நூலை வாயில் வைத்து ஈரமாக்குவதுதான் எல்லாருடைய வழக்கமும். ஈர நூல் ஊதிப் பருக்கும். நூலைக் கூராக வெட்டி, ஊசியின் காதை ஈரவிரலால் தொட்டுவிட்டுக் கோர்த்துப் பாருங்கள்.

14.02.2024

பூத்தையலை ஏன் சொல்லவில்லை என்று வவுனியாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு அழகுதான் ஆசையைத் தரும், கிழிசல் தராது என்பது அவருடைய வாதம்.

அதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். சங்கிலித் தையலில் தன் பெயரின் முதலெழுத்தைத் தைத்த பிள்ளையின் முகத்தை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் பூத்தையலில் தையல் பிழைத்தால் பூ சற்றுக் கோணலாகும், அவ்வளவுதான்; துணி பிரிந்துபோகாது. கிழிசலைத் தைக்கும்போது பலமில்லாத தையல் மறுநாளே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஊசியை இறக்கி ஏற்றிக்கொண்டே போகும் நூலோட்டம் ஏன் பைவாரைத் தாங்கவில்லை, ஒவ்வொரு தையலும் அரைவாசி பின்னுக்கு வந்து முன்னேறும் பின்தையல் ஏன் தாங்குகிறது என்பதை அந்தப் பிள்ளைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தால் போதும்.

பைவார் தைப்பதற்கு ஒரு குறிப்பு. வாரின் நுனியைச் சதுரமாகச் சுற்றித் தைத்து, அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு கோடுகள் தையுங்கள். கடையில் விற்கும் பைகளிலும் பாரம் விழும் இடத்தில் இதைத்தான் செய்திருப்பார்கள். பிள்ளையிடம் காட்டிவிட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

25.02.2024

மல்லாவித் தங்கச்சி எழுதியிருக்கிறார்: மகனும் ஊசியும் கையுமாக இருப்பதைப் பார்த்து அவனுடைய தகப்பனார் முகம் சுளித்தாராம், பெட்டை வேலை என்றாராம்.

அவரை ஒரு நாள் முல்லைத்தீவுக் கடற்கரைக்கு அனுப்பி வையுங்கள். காலையில் கரைக்கு வந்த வலையை விரித்து வைத்துக்கொண்டு, காற்பெருவிரலில் ஒரு கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, வலையூசியால் வலை பொத்துகிறவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணிக்கொண்டு வரட்டும். அந்த வேலைக்கு வேண்டிய கண்ணும் விரலும் சட்டை தைக்கிறவருக்கு வேண்டியதை விடக் குறைந்தவை அல்ல. வலைக்கண் ஒன்று பெரிதானால் மீன் போய்விடும், சிறிதானால் அடுத்த கண் இழுபடும். கடற்கரை தூரம் என்றால் பக்கத்துச் சந்தியில் உள்ள தையற்கடைக்கு அனுப்புங்கள். நீளக்காற்சட்டை தைப்பவர் அனேகமாக ஆணாகத்தான் இருப்பார். கூலி கிடைக்கும் இடத்தில் தையல் ஆணுக்கு உரியதாகவும், கூலி இல்லாத வீட்டுக்குள் பெண்ணுக்கு உரியதாகவும் இருக்கும் கணக்கை அந்தத் தகப்பனாரிடம் சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் இன்று ஆறாம் வகுப்பிலிருந்து செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் ஆண், பெண் எல்லாருக்கும் இருக்கிறது. வீடுகள்தான் இன்னும் பிரித்து வைத்திருக்கின்றன.

26.02.2024

ஊசி விழுந்தால் எப்படித் தேடுவது என்ற கேள்விக்கு: பழுதான வானொலியின் ஒலிபெருக்கியைக் கழற்றினால் பின்பக்கத்தில் வட்டக் காந்தம் இருக்கும். அதைத் துணியில் சுற்றி நிலத்தில் இழுங்கள். சாணியால் மெழுகிய திண்ணையிலும் பிடிக்கும், சீமெந்து நிலத்திலும் பிடிக்கும். எங்கள் வீட்டில் இந்த முறையில் ஊசியை விட அதிகமாக ஆணிகளும் ஒரு காதணிச் சுரையும் கிடைத்திருக்கின்றன. தங்கத்தைக் காந்தம் பிடிக்காது என்பதால் அந்தச் சுரையைப் பற்றி வீட்டில் சிறு விசாரணை ஒன்று நடந்தது.

தொடங்குமுன் எத்தனை ஊசி, முடிந்தபின் எத்தனை ஊசி என்று பிள்ளையே எண்ணிச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் காந்தத்துக்கு வேலை இல்லை.

17.03.2024

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து காட்ட வேண்டாம். எதிரே இருங்கள். நீங்கள் வலக்கையால் தைப்பது அதற்குக் கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும். அப்படியே பார்த்துச் செய்துவிடும். நாம் வலமிருந்து இடமாக ஓடுவதை அது இடமிருந்து வலமாக ஓடும், தையலில் எந்த வித்தியாசமும் இருக்காது.

சிக்கல் கத்தரிக்கோலில்தான் இருக்கிறது. வழக்கமான கத்தரிக்கோலை இடக்கையால் பிடித்தால் அலகுகள் ஒன்றோடொன்று நெருங்காமல் விலகும். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடிந்துவிடும். வெட்டும் கோடும் மேல் அலகுக்குப் பின்னால் மறைந்துபோகும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர்கள் "இடக்கைக்கு இந்த வேலை சரிவராது" என்று முடிவு கட்டுகிறார்கள். இடக்கைக்கான கத்தரிக்கோல் கிடைக்கும் வரையில் வெட்டும் வேலையை நீங்கள் செய்து கொடுங்கள். கையை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். இன்று அவர் இரண்டு கைகளாலும் எழுதுகிறார், தையலின் பக்கம் மட்டும் வருவதில்லை.

21.04.2024

முதல் நாளில் கிழிந்ததிலிருந்து தொடங்குங்கள் என்று அழுத்தி எழுதியிருந்தேன். விசுவமடுவிலிருந்து வந்த ஒரு கடிதம் அதை மறுபடியும் யோசிக்க வைத்தது. அந்தத் தாய் என் சொற்படி மகனின் பள்ளிக்கூடச் சட்டையை அவனைக் கொண்டே தைப்பித்திருக்கிறார். தையல் நன்றாகத்தான் வந்ததாம். வகுப்பில் பிள்ளைகள் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். அதன்பிறகு அவன் ஊசியைத் தொடுவதில்லை.

எங்கள் தலைமுறை தையலைப் பழகிய காலம் வேறு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில், மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் தட்டுப்பட்ட காலத்தில், எல்லாருடைய உடுப்பிலும் ஒட்டு இருந்தது. பழைய துணியின் தையலைப் பிரித்து அந்த நூலையே மறுபடியும் கோர்த்திருக்கிறோம். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் தைத்ததால் வெள்ளை நூலும் மஞ்சளாகத்தான் தெரியும். ஒட்டுப்போட்ட சட்டை அன்று ஒருவரையும் தனித்துக் காட்டவில்லை. பிறகு 2009 இல், பதுங்குகுழிக்கு மண்மூட்டை கட்டுவதற்காகக் கூறைச் சேலையைக்கூட வெட்டிப் பையாகத் தைத்த கைகள் எங்களுடையவை. ஆகவே தையல் என்றதும் இருப்பதைக் காப்பாற்றுவது என்றே என் கை நினைக்கும். 2009 இற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அந்த நினைப்பு இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது வாழும் வகுப்பறையில் சிலரிடம் புதுச் சட்டை இருக்கிறது, சிலரிடம் இல்லை. ஒட்டு அந்த வேறுபாட்டை முதுகில் எழுதி ஒட்டிவிடுகிறது.

எனவே சொன்னதைச் சற்றுச் சுருக்குகிறேன். கிழிந்ததிலிருந்து தொடங்கலாம், ஆனால் அது வீட்டுக்குள் இருக்கும் பொருளாக இருக்கட்டும். பள்ளிக்கூட உடுப்பில் பிள்ளையின் கைக்கு வரக்கூடியவை வெளியில் தெரியாத வேலைகள் மட்டுமே: தெறி, கொளுக்கி, பாவாடையின் உட்பக்க மடிப்பு. சீருடைத் துணியை அரசாங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து இலவசமாகக் கொடுத்து வருகிறது என்றாலும், வளர்கிற பிள்ளைக்கு அது ஆண்டு முழுவதும் போதாது என்பது எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். அதனால்தான் தைக்கும்போதே அடிமடிப்பை அகலமாக விட்டு, பின்னர் இறக்குகிறோம். மடிப்பை இறக்குவது பிள்ளைக்கு நல்ல பாடம். பழைய தையலைப் பிரிக்க வேண்டும், பழைய மடிப்புக் கோட்டைத் தோய்த்து அழுத்தி மறைக்க வேண்டும், புதிய மடிப்பை அளந்து வெளிப்பக்கம் தெரியாமல் ஓரிரு இழைகளை மட்டும் பிடித்துத் தைக்க வேண்டும்.

தெறி தைக்கும்போது அதன் மேல் ஒரு நெருப்புக்குச்சியைக் குறுக்கே வைத்து, குச்சியின் மேலாக நூல் போகும்படி தையுங்கள். முடிவில் குச்சியை உருவினால் நூல் கொஞ்சம் தளரும். தெறியை மேலே இழுத்துப் பிடித்து, அந்தத் தளர்ந்த நூலை அடியில் சுற்றி இறுக்கிக் கட்டினால் தெறிக்கு ஒரு கழுத்துக் கிடைக்கும். அந்தக் கழுத்து இல்லாத தெறி துணியோடு ஒட்டிக் கிடப்பதால், பூட்டும்போது துணி சுருங்கும், நூலும் விரைவில் அறும்.

26.05.2024

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போய் வந்த களைப்புடன் எழுதுகிறேன், சுருக்கமாக இருக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் பொருள் எது என்று கேட்டவர்களுக்கு என் முதல் தெரிவு நுளம்புவலை. ஒருகாலத்தில் மலேரியாவால் வன்னி பட்டதை வயதானவர்கள் அறிவார்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனாலும் டெங்கு போகவில்லை, நுளம்பும் போகவில்லை, வலையில் ஓட்டை விழுவதும் நிற்கவில்லை. வலையின் கண்கள் தெளிவாகத் தெரிவதால் பிள்ளை ஓட்டையைச் சுற்றி ஒவ்வொரு கண்ணாக ஊசியை விட்டு நூலை மெதுவாக இழுத்தால் சிறிய ஓட்டை சுருங்கி மூடிவிடும். பெரிய ஓட்டைக்குப் பழைய வலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைக்க வேண்டும். விளிம்பில் துணிப்பட்டி கழன்றிருந்தால் அதுவும் நீண்ட நூலோட்டத்துக்கு உகந்த இடம். வேலை சரியா பிழையா என்பதை அன்றிரவே நுளம்பு சொல்லும்.

07.07.2024

ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் வெட்டுத்துண்டுகள் நிறுவைக்கு மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றைப் பழகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை பின்னல் துணி. ரீசேட் துணியை இழுத்துப் பாருங்கள், நீளும். வெட்டிய ஓரம் தானாகச் சுருளும். தொடக்கத்துக்கு அது ஆகாது. மெசினில் தைப்பதானாலும் உருண்டை முனை ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் கூரான ஊசி இழைகளை அறுத்துச் சிறு ஓட்டைகள் விழும். மூட்டையைக் கிளறி நெசவுத் துணியைத் தெரிந்தெடுக்க முடியுமானால் வாங்குங்கள்.

ஊசி இலக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் எல்லாரும் குழம்புகிறார்கள். கையூசியில் இலக்கம் கூடினால் ஊசி மெல்லியது. மெசின் ஊசியில் இலக்கம் கூடினால் ஊசி தடித்தது. மெசின் ஊசி உறையில் 90/14 என்று இருந்தால், 90 என்பது ஊசித் தண்டின் தடிப்பு மில்லிமீற்றரில் நூறில் தொண்ணூறு பங்கு என்பதைக் குறிக்கும். 14 என்பது அதே ஊசிக்கு உள்ள மற்றொரு இலக்கம். சாதாரண பருத்தித் துணிக்கு அது பொருந்தும். மெல்லிய துணிக்கு 75/11, தடித்த காற்சட்டைத் துணிக்கு 100/16.

தொழிற்சாலையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்; அங்கு உள்ள மெசின் நிமிடத்துக்கு நாலாயிரம் தையலுக்கு மேல் ஓடக்கூடியது. அவர் தைப்பது கழுத்துப்பட்டி மட்டுமே. தன் தங்கைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது கையை எங்கே பொருத்துவது என்று என்னிடம்தான் கேட்டார். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு துணி சட்டையாகும் வரையிலான முழு வழியையும் வீட்டில்தான் பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தையல் பழகினால் பிள்ளைக்குத் தொழில் கிடைக்குமா என்று சிலர் கேட்பதும் இதனோடு சேர்ந்ததுதான். மீள்குடியேற்றத்தின் பிறகு பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் என்று எத்தனையோ மெசின்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல துணி போர்த்தி மூலையில் நிற்பதைக் காண்கிறேன். ஒரே ஊரில் எல்லாரும் தைத்தால் யாருக்குத் தைப்பது? பிள்ளைக்குப் பழக்குவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

18.08.2024

விடுமுறை வந்துவிட்டது, மல்லாவி மகளும் பொறுமை இழந்துவிட்டாள். சாரத்தில் பின்தையல் நேராக வருகிறது, தலையணை உறை ஒன்றும் முடித்துவிட்டாள் என்று எழுதியிருப்பதால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற என் நிபந்தனையை விட்டுக்கொடுக்கிறேன். மூடியைத் திறக்கலாம்.

முதலில் ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம், துணியும் வேண்டாம். வாரைச் சில்லில் மாட்டிவிட்டு மிதிக்க மட்டும் விடுங்கள். கால்மெசினில் உள்ள சூட்சுமம் சில்லு பின்னுக்குச் சுற்றாமல் பார்த்துக்கொள்வதுதான். பின்னுக்குச் சுற்றினால் நூல் சிக்கி அறும். வலக்கையால் மேற்சில்லைத் தன் பக்கமாகச் சுழற்றி ஓட்டம் கொடுத்த பிறகே கால் தொடர வேண்டும். குதியும் முன்பாதமும் மாறி மாறி அழுத்தும் அந்தத் தாளம் காலில் பதியும் வரையில் அடுத்த படிக்குப் போக வேண்டாம். நிறுத்துவதையும் பழக வேண்டும். மிதிப்பதை விட அதுதான் கடினம்.

அடுத்தது பழைய கொப்பித்தாள். நூல் கோர்க்காமல், பழைய ஊசி ஒன்றைப் போட்டு, கொப்பியின் கோடுகளின் மேல் ஓட்டச் சொல்லுங்கள். ஊசி விழுந்த துளைகள் கோட்டிலிருந்து எங்கே விலகின என்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். தாள் ஊசியை மழுங்கடிக்கும் என்பதால் அதே ஊசியைப் பின்னர் துணிக்கு வைக்கக்கூடாது. நேர்கோடு வந்தபின் சதுரம் கீறிக் கொடுங்கள். மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, தாளை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடர வேண்டும். கடைசியாக வட்டம்.

நூல் கோர்க்கும் நாளில் அடிநூலையும் பிள்ளையே சுற்றிப் போடட்டும். ஊசியைப் பொருத்தும்போது அதன் நீண்ட பள்ளத்தை நகத்தால் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பள்ளம் இருக்கும் பக்கத்தால்தான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும். துணியின் அடிப்பக்கம் நூல் கும்பலாகக் குவிந்தால் எல்லாரும் அடிநூலைத்தான் குறை சொல்வார்கள். அனேகமாகக் குற்றம் மேல்நூலில் இருக்கும். நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் தட்டுகளுக்கு நடுவே அது சரியாக அமரவில்லை என்று பொருள். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீண்டும் கோர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இழுவைத் திருகை மட்டும் பிள்ளை தொடக்கூடாது. அதைத் திருகித் திருகியே பாதி மெசின்கள் கெட்டன.

விரலைப் பற்றி: இரண்டு கைகளும் துணியின் மேல், பாதத்துக்கு இரு பக்கங்களிலும் தட்டையாக இருக்க வேண்டும், பாதத்துக்கு முன்னால் விரல் போகக்கூடாது. துணியைப் பின்னால் இருந்து இழுக்கவும் வேண்டாம். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி உடையும். தம்பி அந்த நேரத்தில் அறையில் இருக்கக்கூடாது, ஏனெனில் அவன் வாரைத் தொடுவான். ஊசி விரலில் ஏறி முனை உடைந்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், உடைந்த துண்டு உள்ளே இருக்கக்கூடும்.

19.08.2024

கைமெசின் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது என்று உடனே கேள்வி வந்துவிட்டது. கைமெசின் பிள்ளைக்கு இன்னும் நல்லது, வேகம் அதன் கையிலேயே இருக்கும். ஒரு கை சுற்றுப்பிடியில் இருப்பதால் துணியை நடத்த மற்றக் கை மட்டுமே மிஞ்சும் என்பது ஒரு குறை. தொடக்கத்தில் நீங்கள் சுற்றிக் கொடுங்கள், பிள்ளை இரு கைகளாலும் துணியை நடத்தட்டும். மின்மெசினை நான் சிறு பிள்ளைக்குச் சொல்லமாட்டேன். 2022 இல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றபோது கால்மெசின் வைத்திருந்தவர்கள் தைத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் இந்த இடத்தில் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

01.09.2024

மல்லாவி மகன் சணல் சாக்கை விட்டுவிட்டு, அப்பாவின் பழைய தோற்செருப்பில் துண்டு வெட்டிக் கெற்றப்போலுக்குத் தோல் தைத்துவிட்டானாம். பின்தையல்தானா என்று கேட்டேன். பின்தையல்தானாம். தகப்பனார் இப்போது பெட்டை வேலை என்று சொல்வதில்லை. செருப்பைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

27.10.2024

மாரி தொடங்கிவிட்டது. மெசினும் ஊசிகளும் துருப்பிடிக்கும் காலம் இது. தையல் மெசினுக்கென விற்கும் எண்ணெயை மட்டும் விடுங்கள். தேங்காயெண்ணெய் விட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு பிசினாகி இறுகும். அப்படி இறுகிய மெசினைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். எண்ணெய் விட்ட பின் கழிவுத்துணி ஒன்றில் சிறிது நேரம் ஓட்டி, வழியும் எண்ணெயைத் துடைத்துவிட்டே வெள்ளைத் துணியை வைக்க வேண்டும். இதைப் பிள்ளையே செய்யட்டும். தூசி தட்டும் பழக்கம் தையலோடு சேர்ந்து வராவிட்டால் பிறகு வருவதில்லை.

ஊசி குத்தி வைக்கும் மெத்தைக்குள் பஞ்சுக்குப் பதிலாகச் சீப்பில் கழியும் தலைமயிரைக் கழுவாமல் திணித்துப் பாருங்கள். மயிரில் உள்ள எண்ணெய்ப் பசை ஊசியைத் துருவிலிருந்து காக்கும். அருவருப்பவர்கள் பஞ்சையே வைத்துக்கொள்ளலாம், ஊசியை அடிக்கடி வாங்க வேண்டியிருக்கும்.

24.11.2024

மகள் தனக்கொரு சட்டை தைக்க வேண்டும் என்று கேட்பதாகவும், எதை வெட்டக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றும் மல்லாவித் தங்கச்சி எழுதியிருக்கிறார்.

சட்டைக்கு முன் பாவாடை. கழுத்தும் கையும் இல்லாததால் அதில் கோணல் வெட்டு இல்லை. இடுப்புச் சுற்றளவைப் போல ஒன்றரை மடங்கு அகலம், வேண்டிய நீளத்தோடு அடிமடிப்புக்கும் இடுப்பு மடிப்புக்கும் சேர்த்து நீளம், ஒரு பக்கத் தையல், மேலே இழுபட்டி நுழைக்கும் மடிப்பு. கணக்கை அவளே செய்யட்டும். பள்ளிக்கூடத்தில் சென்ரிமீற்றர், தையற்கடையில் அங்குலம், வயதானவர்களின் வாயில் யார். அளவுநாடாவின் இரண்டு பக்கங்களையும் காட்டி, ஒரு அங்குலம் 2.54 சென்ரிமீற்றர், ஒரு யார் 36 அங்குலம் என்று சொல்லிவிட்டு விலகி இருங்கள். பருத்தித் துணியானால் வெட்டுவதற்கு முன் தோய்த்துக் காயவிட வேண்டும், ஏனெனில் முதல் தோய்ப்பில் அது சுருங்கும். முதலில் செய்தித்தாளில் வெட்டி இடுப்பில் சுற்றிப் பார்த்த பிறகே துணியில் வெண்கட்டியால் கோடு போட வேண்டும். பக்கத் தையலுக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் விடச் சொல்லுங்கள்; வளர்ந்தால் பிரித்து விடலாம்.

பொக்கற் வேண்டும் என்று நிச்சயமாகக் கேட்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்கிறார்கள். பாவாடையின் பக்கத் தையலைப் போடுவதற்கு முன்பே, துணி விரித்த நிலையில் இருக்கும்போது பொக்கற்றைத் தைத்துவிட வேண்டும். மேல் விளிம்பை முதலில் மடித்துத் தைத்து, மற்ற மூன்று பக்கங்களையும் உள்ளே மடித்து அழுத்தி, குண்டூசி குத்தி, வாயின் இரண்டு மூலைகளிலும் முன்னும் பின்னுமாகச் சில தையல்கள் அதிகம் போட வேண்டும். கை போய் வருவது அந்த மூலைகளால்தான், கிழிவதும் அங்கேதான். பாவாடையின் எந்தப் பக்கம் வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். அவள் இடக்கைக்காரி என்று சென்ற கிழமைதான் சொன்னீர்கள்.